காரையும் செங்கல்லும்: தமிழகத்து வீட்டுச் சுவர்களைக் காத்த வழக்கங்கள்

தமிழகத்தில் சுட்ட செங்கல்லால் கட்டும் தொழிலின் வரலாறு பெரும்பாலும் கட்டியவர்களின் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது. கட்டிய சுவரை மழையிலிருந்தும் உப்பிலிருந்தும் மரவேரிலிருந்தும் காத்தவர்களின் வரலாறு அதே அளவுக்குப் பதிவாகவில்லை. கோயில்களைப் பொறுத்தவரை இந்தக் குறை அவ்வளவு இல்லை. கல்வெட்டுகளில் ‘புதுக்குப்புறம்’ என்று குறிக்கப்படும் நிலக்கொடை, கோயிலின் பழுதுகளைக் காலந்தோறும் பார்ப்பதற்கென்றே விடப்பட்ட மானியமாகும். கட்டடம் என்றாவது சிதையும் என்பதும், அந்தச் சிதைவைச் சரிசெய்ய நிலையான வருவாய் வேண்டும் என்பதும் அக்காலத்திலேயே உணரப்பட்டிருந்தன என்பதற்கு அதுவே சான்று. வீடுகளுக்கு அத்தகைய ஏற்பாடு எழுத்தில் இல்லை. அங்கு அந்தப் பொறுப்பைச் சுமந்தது வழக்கம். ஆண்டுக்கொருமுறை வெள்ளையடிப்பதும், மழைக்கு முன் ஓடு மாற்றுவதும், காரை உதிர்ந்த இடங்களைக் கொத்தனாரைக் கொண்டு பூசவைப்பதும் குடும்பச் செலவின் இயல்பான பகுதிகளாக இருந்தன. அந்த வழக்கங்கள் சுண்ணாம்பின் எந்தக் குணத்தை நம்பி நின்றன என்பதும், சிமெண்டு வந்தபின் அவை ஏன் குலைந்தன என்பதும் கட்டடக்கலை வரலாற்றில் இன்னும் விரிவாகப் பேசப்பட வேண்டியவை.

செங்கல்லின் தொன்மைக்குச் சான்றுகள் குறைவில்லை. கீழடியில் வெளிப்பட்ட செங்கற்கள் இன்றைய கல்லைவிட நீண்டும் அகன்றும், அதே வேளையில் தடிப்பில் மெலிந்தும் காணப்படுகின்றன. புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வு, ஆற்றங்கரையை ஒட்டிய பெரிய செங்கல் கட்டடங்களை வெளிக்கொண்டுவந்தது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் மாமல்லபுரத்துக்கு அருகே சாளுவன்குப்பத்தில் கண்டறியப்பட்ட முருகன் கோயிலின் அடியில் பழைய செங்கல் கட்டுமானமும் அதன்மேல் பல்லவர் காலக் கட்டுமானமும் இருந்தன. மண்டகப்பட்டுக் குடைவரையில் முதலாம் மகேந்திரவர்மன் பொறித்த கல்வெட்டு, அந்தக் கோயில் செங்கல், மரம், உலோகம், சுதை ஆகிய நான்கும் இன்றி அமைக்கப்பட்டது என்று பெருமையோடு அறிவிக்கிறது. சுதை என்பது இங்கு சுண்ணாம்புச் சாந்தைக் குறிக்கும். இந்த நான்கும் இல்லாமையே வியப்பாகச் சொல்லப்பட்டதால், ஏழாம் நூற்றாண்டுவரை கட்டடம் என்றால் இவை நான்கும் சேர்ந்ததே என்ற நிலை இருந்தது தெளிவாகிறது.

அரிக்கமேட்டைப் பற்றி மற்றொரு செய்தியும் உண்டு. 18ஆம் நூற்றாண்டில் அங்கு சென்ற பிரெஞ்சு வானியலாளர் லெ ஜான்தி, ஊர்மக்கள் மண்ணுக்குள்ளிருந்து பெரிய பழைய செங்கற்களைத் தோண்டி எடுப்பதைக் குறித்திருக்கிறார். பல நூற்றாண்டுகள் புதைந்துகிடந்த சுவரிலிருந்து கல்லை முழுதாகப் பெயர்த்து மீண்டும் பயன்படுத்த முடிந்ததற்குக் காரணம் செங்கல்லின் உறுதி மட்டுமன்று. அதைப் பிணைத்த சாந்து கல்லைவிட மென்மையாக இருந்ததும் அதே அளவுக்குக் காரணமாகும். பழைய சுவர்களின் ஆயுளை விளக்கும் அடிப்படை இந்த மென்மையில்தான் இருக்கிறது.

எல்லோருக்கும் செங்கல் வீடும் காரைப் பூச்சும் கிடைத்துவிடவில்லை என்பதையும் இங்குச் சொல்லியாக வேண்டும். கரூர்ப் பசுபதீசுவரர் கோயிலில் உள்ள ஒரு கல்வெட்டில், கோனேரின்மைகொண்டான் என்ற பட்டத்துடன் வெளியான அரசாணை, கொங்கு நாட்டுக் கம்மாளர்கள் தங்கள் வீட்டு நன்மை தீமைகளில் இரட்டைச் சங்கு ஊதவும், வெளியே செல்லும்போது செருப்பு அணியவும், தங்கள் வீடுகளுக்குச் சாந்து பூசிக்கொள்ளவும் உரிமை அளிக்கிறது. கல்தச்சரும் கொல்லரும் அடங்கிய இந்தக் கைவினைஞர் குழுவே, அதாவது பிறருடைய கட்டடங்களை எழுப்பிய மக்களே, தம் சொந்தச் சுவரில் சுண்ணாம்பு பூச அரசனின் ஆணையை எதிர்பார்க்க வேண்டியிருந்தது என்பது மனத்தை உறுத்தும் உண்மை. காரைச் சுவரின் பெருமையைப் பேசும் எவரும், அது நெடுங்காலம் ஒரு சிலருக்கு மட்டுமே உரியதாக வைக்கப்பட்டிருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. 20ஆம் நூற்றாண்டிலும் கிராமத்து வீடுகளில் மண்சுவரே மிகுதி. செங்கல் வீடு என்பது நிலமும் வணிகமும் உடையவர்களின் அடையாளமாகவே நீடித்தது.

சாந்துக்கு வேண்டிய சுண்ணாம்பு தமிழகத்தில் இடத்துக்கேற்ப வெவ்வேறு மூலங்களிலிருந்து கிடைத்தது. கடற்கரைப் பகுதிகளிலும் பழவேற்காடு போன்ற காயல் ஓரங்களிலும் கிளிஞ்சல்கள். உள்நாட்டில் வயல்களிலும் ஓடைகளிலும் கிடைக்கும் சுக்கான்கல். சில வட்டாரங்களில் பாறையாகவே கிடைக்கும் சுண்ணாம்புக்கல். இவற்றைக் காளவாயில், அதாவது சுண்ணாம்புச் சூளையில், ஏறத்தாழ 900 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுடும்போது கரியமில வாயு வெளியேறி எரிசுண்ணாம்பு மிஞ்சும். அதன்மேல் நீர் ஊற்றினால் அது கொதித்துப் பொங்கி உதிர்ந்து நீறாகும். இதையே கொத்தனார்கள் சுண்ணாம்பு தாளித்தல் என்பர். தாளித்த சுண்ணாம்பு சுவரில் பூசப்பட்டபின் காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல உறிஞ்சி மீண்டும் சுண்ணாம்புக்கல்லின் வேதிநிலைக்கே திரும்புகிறது. இந்த மாற்றம் வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும், தடித்த சுவரின் உட்பகுதியில் ஆண்டுக்கணக்கிலும் நடைபெறுவதால், சுண்ணாம்பு வேலை என்றுமே பொறுமை வேண்டும் வேலையாக இருந்தது.

தாளித்த சுண்ணாம்பும் மணலும் வட்டமான பள்ளத்தில் இடப்பட்டு, மாடு இழுக்கும் கல்சக்கரத்தால் அரைக்கப்பட்டன. நீர் தேங்கும் இடங்களுக்கும் மேல்தளங்களுக்கும் சுர்க்கி எனப்படும் செங்கல் தூள் சேர்க்கப்பட்டது. நன்கு சுட்ட களிமண்ணின் நுண்தூள் சுண்ணாம்போடு வேதிவினை புரிவதால், காற்றுப் படாத ஈரமான இடத்திலும் சாந்து இறுகும். 1895இல் பென்னிகுயிக் கட்டிமுடித்த முல்லைப் பெரியாறு அணையின் உட்பகுதி இதே சுண்ணாம்பு–சுர்க்கிக் கலவையால் ஆனது என்பதிலிருந்து, வீட்டுக் கொத்தனாரின் கைப்பழக்கம் எத்தனை பெரிய வேலைக்கும் தாங்கக்கூடியது என்பது விளங்கும்.

சாந்தில் சேர்க்கப்பட்ட பிற பொருள்களைப் பற்றிய மிக விரிவான பழைய குறிப்புகளுள் ஒன்று, வியப்புக்குரிய வகையில், லண்டனில் அச்சானது. செயிண்ட் ஹெலினா தீவின் ஆளுநராக இருந்த ஐசக் பைக், சென்னையில் மிகச் சிறந்த சாந்து தயாரிக்கும் முறையை விவரித்து எழுதிய கட்டுரை 1730களின் தொடக்கத்தில் அரச கழகத்தின் ஆய்விதழில் வெளியானது. சம அளவு மணலும் சுண்ணாம்பும் கலந்து சில நாள் ஊறவைத்து, அதில் வெல்லக் கரைசலைத் தெளித்து அடித்து, பயற்றை வேகவைத்து வடித்த கூழையும் கடுக்காய்க் கஷாயத்தையும் சேர்க்க வேண்டும் என்று அவர் எழுதுகிறார். மேல்பூச்சுக்கு முட்டை வெண்கரு, நெய், தயிர் ஆகியவற்றையும் குறிப்பிடுகிறார். இவை வெறும் சடங்குப் பொருள்கள் அல்ல. வெல்லத்தின் சர்க்கரை சுண்ணாம்பை நீரில் கூடுதலாகக் கரையச் செய்து, குறைந்த நீரிலேயே சாந்து குழைய உதவுகிறது. கடுக்காயின் துவர்ப்புப் பொருள் சாந்தின் இறுக்கத்தைக் கூட்டுகிறது. வெண்கருவின் புரதமும் நெய்யின் கொழுப்பும் மேற்பரப்பில் மழைநீர் எளிதில் ஊறாதபடி தடுக்கின்றன. இப்படி அரைத்த நுண்சாந்தைப் பல அடுக்குகளாகப் பூசி, கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றிய சுவர்கள் பளிங்கை ஒத்திருந்ததாக அக்கால ஐரோப்பியப் பயணிகள் பலர் வியந்திருக்கின்றனர். மதுரைத் திருமலை நாயக்கர் அரண்மனையின் தூண்களிலும் வளைவுகளிலும், செட்டிநாட்டு வீடுகளில் வளவு எனப்படும் உள்முற்றப் பகுதியின் சுவர்களிலும் அந்த மெருகின் எச்சத்தை இன்றும் காணலாம்.

செங்கல் சுவர் எவ்வாறு சிதைகிறது என்பதை விளங்கிக்கொள்ளாமல் அதைக் காக்கும் வழக்கங்களின் பொருளை அறிய இயலாது. குளிர்நாட்டுக் கட்டட நூல்களில் சுவரின் முதன்மைப் பகையாகச் சொல்லப்படுவது உறைபனி: கல்லுக்குள் ஊறிய நீர் உறைந்து விரிந்து கல்லின் முகத்தைப் பிளக்கிறது. தமிழகத்துச் சமவெளியில் அந்தப் பகை இல்லை. இங்கு அதே வேலையைச் செய்வது உப்பு. நிலத்திலுள்ள ஈரம், நுண்துளைகள் வழியாகச் செங்கல்லிலும் சாந்திலும் மேலேறுகிறது. இதையே ஓதம் ஏறுதல் என்பர். அந்த ஈரத்தோடு நிலத்தடி நீரின் உப்பும், கடலோர ஊர்களில் காற்றில் வரும் உப்பும், சில வேளைகளில் கல் அறுத்த மண்ணிலேயே இருந்த உப்பும் கரைந்து நகர்கின்றன. சுவரின் மேற்பரப்பில் நீர் ஆவியாகும்போது உப்பு படிகமாகி நின்றுவிடுகிறது. படிகம் வெளிப்பரப்பில் உருவானால் வெண்மையாகப் பூக்கும்; பார்வைக்கு அழகில்லையே தவிர அதனால் பெருந்தீங்கு இல்லை. பரப்புக்குச் சற்று உள்ளே உருவானால், வளரும் படிகம் நுண்துளைகளின் சுவரை அழுத்தி உடைத்து, கல்லின் முகத்தைத் தூளாகவும் செதிலாகவும் உதிர்க்கிறது. மழைக்காலத்தில் கரைந்து, கோடையில் மீண்டும் படிகமாகி, ஆண்டுக்கு ஆண்டு இது தொடர்கிறது.

இந்த இடத்தில்தான் சுண்ணாம்புச் சாந்தின் மென்மை பயனாகிறது. அது செங்கல்லைவிட நீராவியை எளிதில் கடத்துவதால், சுவரின் ஈரம் பெரும்பாலும் கல்லுக்கும் கல்லுக்கும் இடையிலுள்ள சந்துகளின் வழியாகவே வெளியேறுகிறது. உப்பும் அங்கேயே படிகமாகிறது. சிதைவதும் சந்தின் சாந்தே, கல் அன்று. சில பத்தாண்டுகளுக்கு ஒருமுறை உதிர்ந்த சாந்தைச் சுரண்டிவிட்டுப் புதுச் சாந்தை அடைத்தால் சுவர் மீண்டும் முழுமை பெறுகிறது. அடித்தளம் சிறிது அமிழ்ந்தாலோ, கரிசல் மண் மழையில் உப்பிக் கோடையில் சுருங்கினாலோ, சாந்து சிறிது நெகிழ்ந்துகொடுக்கும். விரிசல் ஏற்பட்டாலும் அது சந்துகளின் போக்கிலேயே படிப்படியாக ஓடும், கல்லை ஊடறுக்காது. மேலும், சாந்தில் வினைபுரியாமல் எஞ்சியிருக்கும் சுண்ணாம்பு மழைநீரில் கரைந்து மயிரிழை விரிசல்களில் மீண்டும் படிந்து அவற்றைத் தானே மூடிக்கொள்ளும் இயல்பும் உண்டு. தான் அழிந்து கல்லைக் காக்கும் பொருளாகவே சாந்து அமைந்திருந்தது. அதைப் புதுப்பிப்பதே பராமரிப்பின் சாரமாக இருந்தது.

ஆண்டுதோறும் வெள்ளையடிக்கும் வழக்கத்தை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்கும்போது அதன் அறிவுநுட்பம் தெரிகிறது. மார்கழி முடிவில், பொங்கலை ஒட்டி, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து சுவர் காயத் தொடங்கும் வேளையில், தாளித்த சுண்ணாம்பை நீர்க்கக் கரைத்துச் சுவரெங்கும் அடித்தனர். மழையில் திறந்துகொண்ட நுண்விரிசல்களை அது நிரப்பியது. பாசியையும் பூஞ்சையையும் தன் காரத்தால் கொன்றது. சுவர் ஆவியாகக் கக்கும் ஈரத்தையும் தடுக்கவில்லை. ஈரமும் மழைத்துளியின் தெறிப்பும் மிகுதியாகத் தாக்கும் சுவரின் அடிப்பகுதியில் காவிப்பட்டை இட்டது, கறை தெரியாமல் இருப்பதற்கு மட்டுமன்றி, அந்தப் பகுதி தனிக் கவனம் பெற வேண்டியது என்ற நினைவையும் நிலைநிறுத்தியது. இவை அனைத்தையும் விழாவோடு பிணைத்துவைத்ததால், எவரும் மறக்க முடியாத கால அட்டவணை ஒன்று வீடுகளுக்குக் கிடைத்தது. கோயில் கோபுரங்களுக்குப் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடைபெறும் குடமுழுக்குத் திருப்பணி எந்த வேலையைச் செய்ததோ, அதே வேலையை வீட்டுக்குப் பொங்கல் செய்தது எனலாம். கோபுரங்களில் கல்லால் ஆன அடித்தளத்துக்கு மேலுள்ள நிலைகள் பெரும்பாலும் செங்கல்லும் சுதையுமே என்பதால் இரண்டுக்கும் பழுது ஒன்றே, மருந்தும் ஒன்றே.

வெள்ளையடிப்புக்கு முன்பே வீட்டின் அமைப்பு பெரும்பகுதி காப்பைத் தந்துவிட்டது. நன்கு முன்னே நீண்ட தாழ்வாரம் மழையைச் சுவரில் படாமல் விலக்கியது. கருங்கல் வரிகளால் ஆன உயர்ந்த அடித்தளம் ஓதம் ஏறுவதைப் பெரிதும் குறைத்தது. திண்ணை, தெருவின் நீர்த்தெறிப்பைச் சுவருக்கு எட்டாமல் நிறுத்தியது. முற்றத்துக் கால்வாய் கூரைநீரை வெளியே கொண்டுசென்றது. மெட்ராஸ் டெரஸ் எனப்பட்ட தட்டைத் தளத்தில் தேக்குச் சட்டங்களின்மேல் சிறிய செங்கற்களைச் செங்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தால் பிணைத்து, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த காரையைப் பெண்கள் வரிசையாக அமர்ந்து மரக்கட்டையால் பல நாள் அடித்து இறுக்கி, கடைசியாகத் தட்டோடு பதித்தனர். அந்தத் தளத்தின் நீர்வாய்க்காலை மழைக்கு முன் துப்புரவு செய்யாமல் விட்டால் அடுத்த ஆண்டே சட்டத்தின் நுனி மட்கும், சுவரின் தலைப்பகுதி ஊறும். பறவைகளின் எச்சத்தில் விழுந்த அரச விதையும் ஆல விதையும் கைப்பிடிச் சுவரில் முளைப்பதும் அங்கேதான். இரண்டு இலை விட்ட நிலையில் விரலால் பிடுங்கிவிடக்கூடிய செடி, மூன்றாண்டு கவனிக்கப்படாமல் போனால் கல்லைப் பெயர்த்துத்தான் எடுக்க வேண்டிய வேராகிவிடும். வெளியே தெரியும் தண்டை மட்டும் வெட்டினால் உள்ளே இருக்கும் வேர் மேலும் தடித்துக்கொண்டே போகும்.

செப்பனிடும் முறை குறித்துக் கட்டடத் துறையிலும் தொல்லியல் துறையிலும் முறையான சிந்தனை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து வலுப்பெற்றது. 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு, இடிந்துகொண்டிருந்த திருமலை நாயக்கர் அரண்மனையைச் செப்பனிட ஏற்பாடு செய்தார். அந்தப் பணியில் கட்டடக் கலைஞர் ராபர்ட் சிஷோமுக்குப் பங்குண்டு. இந்தியத் தொல்லியல் துறையின் தலைவராக இருந்த ஜான் மார்ஷல் 1923இல் வெளியிட்ட பாதுகாப்புக் கையேடு, பழைய கட்டடத்தைப் புதிதுபோல் ஆக்குவதைவிட உள்ளதைக் காப்பதே கடமை என்ற கொள்கையை அரசுப் பணியில் நிலைநிறுத்தியது. ஆனால் அந்தக் கொள்கை நினைவுச்சின்னங்களுக்கு உரியதாகக் கருதப்பட்டதே அன்றி, மக்கள் குடியிருந்த வீடுகளை எட்டவில்லை. வீடுகள் கொத்தனாரின் பரம்பரை அறிவை நம்பியிருந்தன; அந்த அறிவின் அடியில் இருந்த பொருளே மாறியபோது அதைக் காப்பாற்ற எந்தக் கையேடும் இல்லை.

அந்தப் பொருள் போர்ட்லாந்து சிமெண்டு. இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் 1824இல் காப்புரிமை பெற்ற இந்தப் பொருளை இந்தியாவில் முதலில் தயாரிக்க முயன்ற இடங்களுள் ஒன்று சென்னை. 1904இல் இங்கு நடந்த முயற்சி நிலைக்கவில்லை. 1914இல் போர்பந்தரில் தொடங்கிய உற்பத்தியே வேரூன்றியது. பின்னர் கோயம்புத்தூரை அடுத்த மதுக்கரையிலும், திருச்சிராப்பள்ளிக்கு அருகே டால்மியாபுரத்திலும், திருநெல்வேலியை அடுத்த தாழையூத்திலும் ஆலைகள் எழுந்தன. எனினும் விடுதலைக்குப் பின் பல ஆண்டுகள் சிமெண்டு கட்டுப்பாட்டுப் பொருளாக இருந்ததால், சிற்றூர்களில் சுண்ணாம்புக் காளவாய்கள் தொடர்ந்து புகைந்தன. 1982இல் கட்டுப்பாடு ஒரு பகுதியும் 1989இல் முழுவதும் நீங்கியபின், எந்தக் கடையிலும் மூட்டையாகக் கிடைக்கும் சிமெண்டோடு, நாட்கணக்கில் தாளித்து அரைக்க வேண்டிய சுண்ணாம்பு போட்டியிட முடியவில்லை. காளவாய்கள் அணைந்தன, சாந்து அரைத்த கல்சக்கரங்கள் தோட்டங்களில் கவிழ்ந்துகிடந்தன. ஒரு தலைமுறைக்குள், சுண்ணாம்பை வெற்றிலைக்கு மட்டுமே அறிந்த கொத்தனார்கள் உருவாயினர்.

புதிய சிமெண்டு வீட்டுக்குச் சிமெண்டுச் சாந்து பொருத்தமானதே. அதில் எவரும் குறை காண முடியாது. தீங்கு விளைந்தது, பழைய சுண்ணாம்புச் சுவரின் பழுதைச் சிமெண்டால் அடைத்தபோது. எண்கள் இதைத் தெளிவாகக் காட்டும். இந்தியத் தரக்குறியீட்டின்படி பொதுக் கட்டடச் செங்கல்லின் குறைந்தபட்ச அமுக்க வலிமை சதுர மில்லிமீட்டருக்கு 3.5 நியூட்டன், ஒன்றுக்கு மூன்று என்று கலந்த சிமெண்டுச் சாந்து ஏறத்தாழ 10 நியூட்டனை எட்டும், பழைய சுண்ணாம்புச் சாந்து பெரும்பாலும் 1 நியூட்டனை ஒட்டியே நிற்கும். நாட்டுச் சூளையில் விறகிலும் உமியிலும் வெந்த பழைய கல், குறியீட்டின் அளவைக்கூட எல்லா இடத்திலும் எட்டுவதில்லை. இவ்வாறு கல்லைவிட வலிய சாந்து சந்தில் ஏறியதும் சுவரின் ஒழுங்கே தலைகீழாகிறது. ஈரம் சந்து வழியாக வெளியேற முடியாமல் கல்லின் முகத்தைத் தேடுகிறது. உப்பு அங்கே படிகமாகிறது. சில ஆண்டுகளில் செங்கற்கள் குழிந்து உதிர்ந்து, சிமெண்டுச் சந்துகள் மட்டும் தேன்கூட்டின் வரம்புகளைப் போலத் துருத்தி நிற்கின்றன. காரைக்குடி, கும்பகோணம், நாகப்பட்டினம் போன்ற பழைய ஊர்களின் எந்தத் தெருவிலும் இந்தக் காட்சியைக் காணலாம். அதைக் கண்ட வீட்டார் பழுது இன்னும் வலுவாகப் பார்க்கப்படவில்லை என்று கருதி, சுவர் முழுவதையும் கொத்திவிட்டுச் சிமெண்டுப் பூச்சால் மூடுகின்றனர். கொத்திவிடும்போது, சூளைத் தீ நேரே பட்டு இறுகிய கல்லின் வெளித்தோல் உடைந்து, மென்மையான உட்பகுதி வெளிப்படுகிறது. முன்பு மூன்றடி உயரத்தில் நின்ற ஓதம், மூடியபின் உள்ளே சிறைப்பட்டு ஆறடிக்கு ஏறுகிறது. அதன்மேல் நீராவி புகாத வண்ணப்பூச்சும் ஏறினால், அடுத்த மழைக்காலத்தில் பூச்சு கொப்புளித்துப் பாளம் பாளமாகக் கழன்று விழும்.

பொருளின் மாற்றத்தோடு உடைமையின் மாற்றமும் சேர்ந்துகொண்டது. செட்டிநாட்டில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் எழுந்த பெருவீடுகள், பர்மாவிலும் மலாயாவிலும் ஈட்டிய பணத்தாலும், ஆண்டு முழுவதும் வீட்டைக் கவனிக்க ஆள் இருந்ததாலும் நின்றவை. இரண்டாம் உலகப் போரோடு பர்மாத் தொழில் சிதறியது. வீடு பங்காளிகளுக்குள் புள்ளி புள்ளியாக, அதாவது குடும்பம் குடும்பமாக, பிரிந்தது. ஒரு தாழ்வாரத்து ஓட்டை மாற்ற இருபது பேரின் ஒப்புதலும் பங்குத்தொகையும் வேண்டிய நிலை வந்தது. ஓடு உடைந்த இடத்தில் இறங்கிய மழைநீர் யாருடைய பங்கு என்று பார்ப்பதில்லை. திருமணத்துக்கும் படைப்பு எனப்படும் முன்னோர் வழிபாட்டுக்கும் மட்டும் திறக்கப்படும் வீட்டில் ஆண்டு வெள்ளையடிப்பு நின்றதும், முட்டைச் சாந்தின் மெருகு கீழிருந்து கருத்துக் கழன்றதும் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தவை. இங்கு விலையுயர்ந்த கட்டுமானத்தை அழித்தது பெருங்கேடு எதுவுமன்று; சில நூறு ரூபாய் ஓட்டு வேலை உரிய மாதத்தில் நடக்காததே. பொதுக் கட்டடங்களும் இதற்கு விலக்கல்ல. புதுச்சேரிக் கடற்கரையில் 1870களில் எழுந்த மேரி எனப்படும் நகராட்சிக் கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது; இன்று அங்கு நிற்பது பின்னர் அதே தோற்றத்தில் கட்டப்பட்ட கட்டடம்.

கடந்த இருபது ஆண்டுகளில் சுண்ணாம்பு வேலை மீண்டும் தலையெடுத்திருக்கிறது. சென்னைச் சேப்பாக்கத்தில் 2012இல் தீக்கிரையான கலசமகாலையும், அதனை அடுத்த உமாயூன் மகாலையும் பொதுப்பணித் துறை சுண்ணாம்புச் சாந்தைக் கொண்டே மீட்டெடுத்தது. தரங்கம்பாடியிலும் புதுச்சேரியிலும் பழைய வீடுகள் பல அதே முறையில் செப்பனிடப்பட்டன. இத்தகைய பணிகளில் இளம் கொத்தனார்கள் முதியவர்களிடம் மீண்டும் கற்றுக்கொண்டது பணத்தால் மதிப்பிட முடியாத பயன். ஆனால் வீட்டுப் பழுது இன்றும் சதுர அடிக் கணக்கில் பேசப்படும் ஒப்பந்த வேலையாகவே இருப்பதால், காத்திருக்கும் நாளுக்குக் கூலி எவரும் தருவதில்லை; சுண்ணாம்போ காத்திருப்பையே கேட்கிறது. வீட்டாரின் மனநிலை மாறாமல் கொத்தனாரை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது.

அனுபவமுள்ளவர்கள் பின்பற்றும் செப்பனிடும் வரிசை எளியதே. முதலில் நீர் எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்டு நிறுத்த வேண்டும். உடைந்த ஓடு, அடைத்த நீர்வாய், சுவரை ஒட்டி உயர்ந்துவிட்ட தெரு மட்டம் ஆகியவற்றைச் சரிசெய்யாமல் பூச்சில் கைவைப்பது வீண். விரிசல் இருந்தால் அதன் குறுக்கே சிறு கண்ணாடித் துண்டைப் பதித்துச் சில மாதம் பார்க்க வேண்டும். கண்ணாடி உடைந்தால் அடித்தளம் இன்னும் அசைகிறது என்று பொருள். பூத்த உப்பை உலர்ந்த தூரிகையால் துடைத்து அகற்ற வேண்டும். நீரால் கழுவினால் அது கரைந்து மீண்டும் கல்லுக்குள்ளேயே இறங்கும். சந்தைச் செப்பனிடும்போது உதிர்ந்த சாந்தை, அதன் அகலத்தைப்போல் இரு மடங்கு ஆழத்துக்கு, சிறு உளியால் கையாலேயே சுரண்டி எடுக்க வேண்டும். மின்சார அரவை எந்திரம் கல்லின் விளிம்பை அறுத்துவிடும். முகம் முழுதும் உதிர்ந்த கல்லைப் பெயர்த்து, அதே அளவும் அதே வேக்காடும் உள்ள பழைய கல்லை வைக்க வேண்டும். இடிந்த வீடுகளிலிருந்து வரும் கற்களைச் சேர்த்துவைக்கும் வழக்கம் இதற்காகவே சில ஊர்களில் இன்றும் இருக்கிறது. பின்னர் சந்தை நன்கு நனைத்து, ஒன்றுக்கு இரண்டரை அல்லது மூன்று பங்கு மணல் சேர்த்த சுண்ணாம்புச் சாந்தை மெல்லிய அடுக்குகளாக அழுத்தி அடைத்து, கல்லின் முகத்தைத் தாண்டாமல் சற்று உள்ளடங்கவே நிறுத்த வேண்டும். அடைத்த சாந்து வெயிலில் விரைந்து உலர்ந்தால் காற்றின் வாயுவை உறிஞ்சும் முன்பே தூளாகிவிடும் என்பதால், ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு ஒரு வாரமேனும் நனைத்துவர வேண்டும். இந்தக் காரணத்தால், மழை முடிந்து சுவர் உலரத் தொடங்கியும் வெயில் இன்னும் கடுமை கொள்ளாத தை, மாசி மாதங்களே இந்த வேலைக்கு ஏற்றவை. சித்திரையில் தொடங்கினால் நனைப்பதற்கென்றே தனியாக ஒரு சித்தாளை நாள் முழுவதும் நிறுத்த வேண்டியிருக்கும்.